மூன்று சீசன், அதே 27 புள்ளி: சென்னையின் எஃப்சி இந்த முறை பிளேஆஃபுக்குப் போகாததற்கு எது காரணம்?

மயிலை_கணக்குப்பிள்ளை | இரவு 9:50

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தின் லீக் சுற்று முடிந்தது. 13 அணிகளில் நாம் 11வது. முதல் ஆறு இடத்துக்குத்தான் பிளேஆஃப். கடைசி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று அடித்துவிட்டு எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். நான் மட்டும் வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் பிரித்தேன். தொழில் புத்தி, விடாது.

2022-23ல் 20 ஆட்டம், 27 புள்ளி, 8வது இடம். 2023-24ல் 22 ஆட்டம், 27 புள்ளி, 6வது இடம், பிளேஆஃப். இந்த 2024-25ல் 24 ஆட்டம், மறுபடியும் 27 புள்ளி, 11வது இடம்.

ஆட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன, புள்ளி மட்டும் அசையவில்லை. சம்பளம் அதேதான், வாடகை மட்டும் வருடா வருடம் ஏறுகிறது என்றால் வீடு எப்படி நடக்குமோ அப்படித்தான் நடக்கிறது. போன வருடம் 6வது இடத்தைப் பார்த்து முன்னேற்றம் என்றோம். 22 ஆட்டத்தில் 11 தோல்வி, சரிபாதி. நமக்குக் கீழே இருந்தவர்கள் நம்மைவிட மோசமாக ஆடியதால் உள்ளே போனோம். இந்த வருடம் 6வது இடத்துக்கு மும்பை எடுத்தது 36. நமக்கு 9 குறைவு.

என் கட்சி இதுதான்: ஓட்டை பின்னால் இருக்கிறது. வாங்கிய கோல்கள் வரிசையாக 37, 36, 39. மூன்று சீசனில் 66 ஆட்டம், 112 கோல். 2017-18ல் கோப்பை எடுத்தபோது லீக்கில் 18 ஆட்டத்துக்கு வாங்கியது 19தான். வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறேன்.

ஈஸ்ட்_ஸ்டாண்ட்_குமார் | இரவு 10:04

சார், வணக்கம். கணக்கு சரி, தீர்ப்பு தப்பு. ஒரு அணி கோல் வாங்குவது பெரிய விஷயமில்லை, வாங்கியதைவிட ஒன்று கூட அடித்தால் போதும். இந்த வருடம் நாம் 34 கோல். 6வது இடத்துக்குப் போன மும்பை 29தான். ஆக, அடிக்கத் தெரிந்த அணி நம்முடையது. அதிர்ஷ்டம் இல்லை, ரெஃபரி சரியில்லை, அவ்வளவுதான். பயிற்சியாளர் கோயலுக்கு இன்னொரு வருடம் கொடுத்தால் தானாகச் சரியாகும்.

மயிலை_கணக்குப்பிள்ளை | இரவு 10:11

//இந்த வருடம் நாம் 34 கோல்//

தம்பி, அந்த 34ஐக் கொஞ்சம் பிரித்துப் பார். ஜாம்ஷெட்பூரில் போய் 5-1. இங்கே 5-2. ஒரே அணிக்கு எதிராக 10 கோல். மீதி 22 ஆட்டத்துக்கு 24. ஒரு கல்யாண வீட்டில் மூன்று இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மாதம் முழுக்க வயிறு நிறைந்தது என்று சொல்ல முடியாது.

மும்பை 29 அடித்தது சரி. வாங்கியது 28. நாம் அவர்களைவிட 5 கூட அடித்தோம், 11 கூட வாங்கினோம். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

மஞ்சள்_மாப்பிள்ளை | இரவு 10:15

பெரம்பூரில் பிறந்து திருச்சூரில் பெண் எடுத்தவன் என்ற முறையில் ஒரே ஒரு வார்த்தை: ஜனவரி 30. நேரு ஸ்டேடியம். கேரளாவிடம் 1-3. என் மச்சினன் இன்னும் அந்த ஸ்கோரைத்தான் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறான்.

ஈஸ்ட்_ஸ்டாண்ட்_குமார் | இரவு 10:17

யோவ், நீ வேற. எங்கே புண் இருக்கிறது என்று பார்த்துக் குத்துகிறாய். அன்று ஜோர்டான் கில்லுக்கு முதல் பாதியிலேயே ரெட் கார்டு. பத்து பேரோடு ஆடினோம்.

மயிலை_கணக்குப்பிள்ளை | இரவு 10:20

ரெட் கார்டுக்கு முன்னாலேயே, ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில், கோல் வாங்கியாயிற்று தம்பி. அதையும் சொல். அப்புறம் ரெட் கார்டு என்ன வானத்திலிருந்தா விழுந்தது? பந்துக்காக நடந்த மோதலில் கிடைத்ததில்லை அது. சொந்த ஊரில், கேரளாவுக்கு எதிராக, நம்முடைய முதன்மை ஸ்ட்ரைக்கர் கோபத்தில் வெளியே போகிறார். ஒழுங்கும் ஒரு பலவீனம்தான்.

வியாசை_லெஃப்ட்பேக் | இரவு 10:48

சார் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். ஆனால் டிஃபென்ஸ் மோசம் என்று நான்கு பேர் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. நான் சென்னை லீகில் பத்து வருடம் ஆடியவன், இப்போது எங்கள் ஏரியாவில் சின்னப் பையன்களுக்குக் காலையில் பயிற்சி கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரியில் இரண்டு ஆட்டம். 9ஆம் தேதி ஒடிசாவோடு இங்கே. 2-0 என்று இருந்து 2-2. அடுத்து 15ஆம் தேதி கொல்கத்தாவில் முகமதனோடு. மறுபடியும் 2-0 முன்னிலை, இன்ஜுரி டைமில் இரண்டு வாங்கி 2-2. ஒரே வாரத்தில் 4 புள்ளி போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பலவீனமாக இருந்தது காலோ கையோ இல்லை. முன்னிலையை எப்படிக் காப்பாற்றுவது என்ற பழக்கமே அணிக்கு இல்லை.

70வது நிமிடத்துக்கு மேல் என்ன நடக்கிறது என்று அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு நம் ஆட்களை மட்டும் பாருங்கள். விங்கரை எடுத்துவிட்டு ஒரு டிஃபெண்டரை உள்ளே விடுவார்கள். சரி, தப்பில்லை. ஆனால் அவர் வந்த உடனே மொத்த வரிசையும் பத்து மீட்டர் பின்னால் வந்துவிடும். யாரும் சொல்வதில்லை, பயம் தானாகக் காலை இழுக்கிறது. இப்போது பந்தை எடுத்து முன்னால் அடித்தால் அங்கே ஒரே ஒரு ஆள், அவரைச் சுற்றி இரண்டு ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபெண்டர். பந்து நிற்காது. அடுத்த பத்து நொடியில் திரும்ப நம் பெனால்டி பெட்டிக்குள் வந்து நிற்கும். மறுபடி அடிப்போம், மறுபடி வரும். சுவரில் அடித்த பந்து மாதிரி.

எல்லாரும் கிராஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கிராஸை நம் டிஃபெண்டர் எட்வர்ட்ஸ் மாதிரி உயரமான ஆள் தலையால் எடுத்துவிடுவார். நம்மைக் கொல்வது இரண்டாவது பந்து. தலையில் பட்டு வெளியே வரும் பந்து பெட்டியின் விளிம்பில் விழும். அங்கே நம் மிட்ஃபீல்டர் இருக்க வேண்டும். அவரும் பயத்தில் உள்ளே போய் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். பெனால்டி புள்ளிக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவுக்கு இடம் காலி. எதிரணி ஆள் சாவகாசமாக வந்து, பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து அடிக்கிறான்.

எங்கள் பையன்களுக்கு நான் ஒரு பழைய வித்தை செய்வேன். நான்கு டிஃபெண்டர் இடுப்பிலும் நைலான் கயிறு கட்டிவிடுவேன், ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர். ஒருவன் பயந்து பின்னால் போனால் பக்கத்தில் இருப்பவனை இழுக்கும். ‘டேய் ஏன்டா போற’ என்று அவனே கத்துவான். பத்து நாளில் கயிறு தேவைப்படாது, சத்தம் மட்டும் நிற்கும். நம் அணியிடம் கடைசி இருபது நிமிடத்தில் கேட்காதது அந்தச் சத்தம்தான். நான் கீழ் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவன். நேரு ஸ்டேடியத்தில் நடுவே எட்டு லேன் ஓட்டப் பாதை இருந்தாலும், கூட்டம் குறைவான நாளில் மைதானத்துப் பேச்சு காதில் விழும். எதிரணி கீப்பர் தொண்டை கிழியக் கத்துகிறார். நம் பக்கம் மௌன விரதம்.

டேட்டா_தம்பி | இரவு 10:55

வியாசை அண்ணா, அருமை. அதோடு இன்னொரு கணக்கு. முகமதன் சீசன் முழுக்க எடுத்தது 13 புள்ளி, கடைசி இடம். அதில் 4 நம்மிடம். இங்கே வந்து 1-0 ஜெயித்தார்கள், அதுதான் ஐஎஸ்எல்லில் அவர்களுடைய முதல் வெற்றி. இரண்டு ஆட்டத்திலும் நாம் ஜெயித்து, ஒடிசா ஆட்டத்தையும் முடித்திருந்தால் 27 + 5 + 2 = 34.

மஞ்சள்_மாப்பிள்ளை | இரவு 10:57

அத்தைக்கு மீசை முளைத்திருந்தால் சித்தப்பா ஆகியிருப்பாள். 34 வந்தாலும் மும்பையின் 36க்கு இரண்டு குறைகிறதே தம்பி.

டேட்டா_தம்பி | இரவு 10:58

அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். கடைசி நிமிடத் தூக்கத்தை மட்டும் சரி செய்தால் போதாது. அடியில் வேறு ஏதோ இருக்கிறது.

சிட்லபாக்கம்_சித்ரா | இரவு 11:20

அந்த ‘வேறு ஏதோ’ பற்றி நான் சொல்லலாமா?

ஒரு நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள்தான் இருக்க முடியும். மீதி ஏழு பேர் இந்தியர்கள். வெளிநாட்டு வீரர்கள் எல்லா அணியிலும் ஏறக்குறைய ஒரே தரம். சில அணிகளில் கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான். பிளேஆஃபுக்குப் போகும் அணிகளையும் போகாத அணிகளையும் பிரிப்பது அந்த ஏழு பேர். இப்போது நம் பழைய ஏழு பேர் எங்கே என்று பாருங்கள்.

சாங்தே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். அடுத்த சீசனிலேயே லீகின் சிறந்த வீரர், கோல்டன் பால். தாபா இங்கேயே வளர்ந்து, 2018 கோப்பையில் ஆடி, கேப்டனாகி, 2023ல் மோகன் பகானுக்குப் போனார். அங்கே இரண்டு சீசனில் இரண்டு ஷீல்டு, லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தருவது. ஜெர்ரி போனார். தாங்ரி போனார். ரஹீம் அலி போன வருடம் ஒடிசாவுக்கு. இந்த ஜனவரியில் பிகாஷ் யும்னம் கேரளாவுக்குப் போய் அங்கிருந்து பிரீத்தம் கோட்டால் இங்கே வந்தார். பிரீத்தம் நல்ல அனுபவசாலி, மறுக்கவில்லை. ஆனால் இளைஞனைக் கொடுத்து மூத்தவரை வாங்கினோம்.

நம் ஊர்ப் பையன் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த அந்த ஒரு கோலுக்குக் கொல்கத்தாவே ஆடியது. அன்று நான் வீட்டில் உட்கார்ந்து கைதட்டினேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது.

ஒவ்வொரு ஜூலையிலும் பாதி அணி புதிது. வியாசை அண்ணா சொல்கிற அந்தச் சத்தம் எங்கிருந்து வரும்? பக்கத்தில் நிற்பவன் பெயரே அக்டோபரில்தான் மனப்பாடம் ஆகிறது.

ஈஸ்ட்_ஸ்டாண்ட்_குமார் | இரவு 11:26

அக்கா, இது நியாயமான பேச்சு. ஆனால் இர்ஃபான் யாத்வாட் இருக்கிறாரே? இந்த வருடம் அவர் வளர்ந்ததை விட்டுவிடாதீர்கள். கானர் ஷீல்ட்ஸ் எத்தனை பந்து போட்டுக் கொடுத்தார்!

சிட்லபாக்கம்_சித்ரா | இரவு 11:31

விடவில்லை தம்பி. இர்ஃபான் நன்றாக ஆடியதால்தான் பயமே. அடுத்த சீசன் எந்தச் சட்டையில் பார்ப்போமோ.

அப்புறம் சொந்த மைதானம். முகமதன் 0-1, ஈஸ்ட் பெங்கால் 0-2, கேரளா 1-3, எல்லாம் நம் வாசலில். அதே ஈஸ்ட் பெங்காலை பிப்ரவரியில் அவர்கள் ஊரில் போய் 3-0. வெளியூரில் எதிரணி ஏறி வரும், பின்னால் இடம் கிடைக்கும், நம் ஆட்கள் ஓடுவார்கள். இங்கே வருகிற அணி பத்து பேரைப் பின்னால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும், அதை உடைக்க நம்மிடம் சாவி இல்லை. முன்பு நம்மிடம் ஆடிய கிரிவெல்லாரோ மாதிரி ஒருவர் இருந்தால் அந்தக் கடைசி பாஸ் வரும். அப்பாவுக்கு முட்டி வலி. அவரைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்து லோக்கலைப் பிடித்து, பார்க்கில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. இத்தனையும் செய்து வந்து 0-1 பார்த்துவிட்டுத் திரும்புவது தனிக் கொடுமை. 2024 ஏப்ரலில் நார்த் ஈஸ்ட்டுக்கு எதிராக அங்கித் முகர்ஜி கடைசி நேரத்தில் அடித்து நாம் பிளேஆஃபுக்குப் போன அன்று, அதே முட்டியோடு அப்பா நாற்காலி மேல் ஏறி நின்றார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இன்னமும் வருகிறோம்.

பழைய_ஸ்டாப்பர் | காலை 5:40

எல்லாருக்கும் காலை வணக்கம். நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன், இராத்திரிப் பேச்சையெல்லாம் காபியோடுதான் படிப்பேன்.

குழந்தைகளே, ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. சீசனின் நீளம். 2015ஐ நினைத்துப் பாருங்கள். லீக் சுற்று 14 ஆட்டம்தான். நடுவில் நாம் கடைசி இடத்தில் கிடந்தோம். அப்புறம் வரிசையாக நான்கு வெற்றி, மூன்றாவது இடம், அரையிறுதி. ஊரில் வெள்ளம், வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், நம் சொந்த மைதான அரையிறுதியைப் புனேயில் கொண்டுபோய் ஆடினார்கள். அங்கேயும் 3-0. கோவாவில் இறுதிப் போட்டி 3-2. மெண்டோசா மொத்தம் 13 கோல். 2019-20லும் அப்படித்தான். பயிற்சியாளர் கிரகரி போனார், கோயல் வந்தார், அடியில் கிடந்த அணி 4வது இடத்துக்கு ஏறி இறுதிப் போட்டி வரை போயிற்று. வால்ஸ்கிஸுக்கு 15 கோல்.

சென்னைக்காரனுக்கு இதுவே பழக்கமாகிவிட்டது. ‘கடைசியில் ஒரு வேகம் வரும், பார்த்துக்கொள்ளலாம்.’ பரீட்சைக்கு முந்தின நாள் இராத்திரி படிக்கிற பையன் மாதிரி. 14 ஆட்டத்தில் நான்கு வெற்றி என்றால் சீசனே திரும்பிவிடும். 24 ஆட்டத்தில் நான்கு வெற்றி மோருக்கு உப்பு போட்ட மாதிரி, கரைந்துவிடும். நீண்ட சீசனில் ஜெயிப்பவன் பெஞ்சில் நல்ல ஆள் வைத்திருப்பவன். நமக்கு இரண்டு பேருக்குக் காயம் என்றால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

2020-21ல், கொரோனாவால் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே நடந்த அந்த பபிளில் என்ன ஆயிற்று? 20 ஆட்டத்தில் 11 டிரா, வெற்றி 3தான். அந்த வருடம் பின்னால் ஒழுங்காகத்தான் இருந்தோம், வாங்கியது 23. அடித்தது 17. ஆகவே, மயிலைக்காரரே, டிஃபென்ஸ் சரியானால் எல்லாம் சரியாகும் என்ற உங்கள் வாதத்துக்கு அந்த வருடமே பதில். முன்னால் இழுத்தால் பின்னால் கிழிகிறது, பின்னால் இழுத்தால் முன்னால் கிழிகிறது. போர்வை சின்னது.

மயிலை_கணக்குப்பிள்ளை | காலை 8:15

ஐயா, 2020-21 என் நோட்டில் இருக்கிறது, வசதியாக மறந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

போர்வை சின்னதாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அதைத் தைப்பவர் மாறிக்கொண்டே இருப்பது. 2019 டிசம்பரில் கோயல். அப்புறம் லாஸ்லோ. அப்புறம் பாண்டோவிச், அவரும் சீசன் நடுவில் போய் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். அப்புறம் பிர்டாரிச். அப்புறம் மறுபடி கோயல். லாஸ்லோ பூட்டி வைத்து ஆடினார், 8வது. பிர்டாரிச் திறந்துவிட்டு ஆடினார், 36 அடித்து 37 வாங்கினோம், அதுவும் 8வது. ஒருவர் வாங்கிய ஆட்கள் அடுத்தவருக்குப் பொருந்துவதில்லை. சித்ரா சொன்ன பாதி அணி மாறுவதும் இதனால்தான்.

வியாசை_லெஃப்ட்பேக் | காலை 9:02

//போர்வை சின்னது//

ஐயா, கும்பிடுகிறேன். ஆனால் பெரிய போர்வைக்குத் துணி இங்கேயே இருக்கிறது. எங்கள் ஏரியாவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பாருங்கள், ஒரே மைதானத்தில் நாலு ஆட்டம் நடக்கும். போன வருடம் என் பையன் ஒருவனைப் பயிற்சித் தேர்வுக்கு ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். 200 பேருக்கு மேல் வந்திருந்தார்கள், ஆளுக்கு எட்டு நிமிடம். அவன் ஸ்டாப்பர். அந்த எட்டு நிமிடத்தில் அவன் பக்கம் பந்து வந்தது இரண்டே முறை. இரண்டையும் சுத்தமாக எடுத்தான். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று அனுப்பிவிட்டார்கள். பந்து அவன் பக்கம் வராததற்குக் காரணமே அவன் நின்ற இடம். அதைப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே இல்லை.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கடைசி இருபது நிமிடம் ஆடத் தெரிந்த ஆள் இப்படித்தான் இருப்பான். கண்ணில் படமாட்டான்.

ஈஸ்ட்_ஸ்டாண்ட்_குமார் | காலை 9:10

அண்ணா, அந்தப் பையன் இப்போது எங்கே?

வியாசை_லெஃப்ட்பேக் | காலை 9:13

பிராட்வேயில் ஒரு கூரியர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறான். கயிறு கட்டும்போது சின்னப் பசங்களுக்கு நடுவில் அவனைத்தான் நிறுத்துவேன், அவன் கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

மயிலை_கணக்குப்பிள்ளை | காலை 9:40

வரும் ஞாயிறு வருகிறேன், இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்பு தம்பி. காலை எத்தனை மணி?

அப்புறம் ஒரு விஷயம், நேற்றிரவே சொல்லியிருக்க வேண்டும். ஒடிசா ஆட்டத்தில் நான் இறுதி வரை இருக்கவில்லை. மெட்ரோவில் கூட்டம் சேரும் முன்னால் போய்விடலாம் என்று கொஞ்சம் முன்னாடியே கிளம்பினேன். கிளம்பும்போது நாம்தான் முன்னிலை. நோட்டில் வெற்றி, 3 புள்ளி என்று நடந்துகொண்டே எழுதியும்விட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் ஸ்கோர் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் 3ஐ அடித்து 1 என்று போட்டிருக்கிறேன், பேனா அழுத்தியதில் பின்பக்கம் வரை கிழிந்திருக்கிறது.

மஞ்சள்_மாப்பிள்ளை | காலை 9:42

அப்படியென்றால் பின்னால் போனது டிஃபென்ஸ் மட்டும் இல்லை, சார்.

வியாசை_லெஃப்ட்பேக் | காலை 9:44

ஆறரை மணிக்கு வந்துவிடுங்கள் சார். கயிறு நான் கொண்டு வருகிறேன்.